ஊதாவும் பொன்னும்

வட அமெரிக்காவின் நடுவே வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பாய்கின்ற பேராறு மிசிசிப்பி. அது மெக்சிக்கோ வளைகுடாவில் கலப்பதற்குச் சற்று முன்னே, வளைந்து செல்லும் அதன் கரையில் அமைந்துள்ளது நியூ ஆர்லியன்ஸ் என்னும் நகரம். ஆற்றின் வளைவு பிறையை ஒத்திருத்தலால் அதனைப் பிறைநகர் என்றும் வழங்குவர். 1718-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் அந்நகரை அமைத்தனர். பின்னர் அது ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் பல்லாண்டுகள் இருந்தது. மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1803-ஆம் ஆண்டில் லூசியானாப் பெருநிலப்பரப்பு முழுவதோடும் சேர்த்து அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு விற்கப்பட்டது. கொடி மும்முறை மாறியது. மக்களின் சமயம் மாறவில்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் உள்ள பிற நகரங்கள் பெரும்பாலும் புரோட்டஸ்டண்டு சமயத்தைத் தழுவியிருக்க, நியூ ஆர்லியன்ஸ் கத்தோலிக்க நகரமாகவே வளர்ந்தது. அந்நகரத்தில் 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஆண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் வரலாற்றை இங்குக் காண்போம்.

அந்நகரத்துக் கத்தோலிக்கருள் வெள்ளையர் மட்டுமல்லர், கறுப்பின மக்களும் மிகப் பலர் ஆவர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர் அனைவர்க்கும் ஞானஸ்நானம் அளித்தல் வேண்டும் என்று 1724-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசின் சட்டம் விதித்தது. கையிலே விலங்கும் தலையிலே ஞானஸ்நான நீருமாக அவர்கள் அத்திருச்சபைக்குள் புகுந்தனர். காலப்போக்கில் அவர்களுள் விடுதலை பெற்றவர்கள் கொத்தர், தச்சர், தையற்காரர், இசைவாணர் எனத் தத்தம் தொழிலில் பெயர் பெற்று விளங்கினர். நகரத்தின் ஏழாம் வட்டம் அத்தகையோர் செறிந்து வாழ்ந்த பகுதியாகும். கல்வியில் அவர்களுக்கு இருந்த வேட்கை பெரிது. ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக வந்து, பின் விடுதலை பெற்ற மேரி கூவான் என்னும் அம்மையார், 1837-ஆம் ஆண்டில் இறந்தபோது, தம் நிலத்தை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கென்று எழுதி வைத்திருந்தார். ஹென்றியட் டெலீல் என்னும் மற்றோர் அம்மையார் 1842-ஆம் ஆண்டில் கறுப்பினப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையை நிறுவினார். அச்சபையார் 1867-ஆம் ஆண்டில் பெண் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய புனித மரியன்னைப் பள்ளி இன்றும் நடைபெறுகின்றது.

ஆயினும் அடிமைமுறை ஒழிந்த பின்னர் வேறொரு கொடுமை தலைதூக்கியது. இன ஒதுக்கல் என்பது அதன் பெயர். 1892-ஆம் ஆண்டில் இந்நகரத்தைச் சேர்ந்த ஓமர் பிளெசி என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி, வெள்ளையர்க்கென்று ஒதுக்கிய புகைவண்டிப் பெட்டியில் வேண்டுமென்றே ஏறி அமர்ந்தார், சிறைப்பட்டார். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இரு இனத்தார்க்கும் தனித்தனி இடம் ஒதுக்குதல் தவறன்று, அவ்விடங்கள் சமமாக இருந்தால் போதும் என்று 1896-ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனி இடம் உடனே கிடைத்தது. சமம் மட்டும் அரை நூற்றாண்டு கடந்தும் கிடைக்கவில்லை. டிராம் வண்டியிலும், பூங்காவிலும், மருத்துவமனையிலும் இருந்த பிரிவினை தேவாலயத்திற்குள்ளும் நுழைந்தது. கறுப்பின மக்கள் பின்வரிசைப் பலகைகளில் அமர வேண்டும்; வெள்ளையர் அனைவரும் நற்கருணை பெற்ற பின்னரே தாம் பெற வேண்டும். இந்த அவமதிப்பைப் பொறாமல் அவர்கள் தமக்கெனத் தனிப் பங்குகளை நாடினர். ஏழாம் வட்டத்தில் 1916-ஆம் ஆண்டில் தோன்றிய ‘கார்ப்பஸ் கிறிஸ்டி’ப் பங்கு அவற்றுள் ஒன்று.

பள்ளிகளின் நிலையும் இதுவே. வெள்ளையினக் கத்தோலிக்கச் சிறுவர் உயர்கல்வி பெற இயேசு சபையார் நடத்திய பள்ளி 1847-ஆம் ஆண்டு முதலே இருந்தது. திருச்சிலுவைப் பள்ளியும் வேறு சில பள்ளிகளும் இருந்தன. அவற்றின் வாயிற்படியைக் கறுப்பினச் சிறுவன் மிதிக்க இயலாது. பெண் பிள்ளைகளுக்குப் புனித மரியன்னைப் பள்ளி இருந்தது. காத்தரின் டிரெக்செல் என்னும் துறவி அம்மையார் 1915-ஆம் ஆண்டில் தொடங்கிய சவேரியார் பள்ளியில் ஆண்களும் பெண்களும் பயின்றனர். ஆனால் ஒரு தலைமுறைச் சிறுவர் அனைவர்க்கும் அவ்விடங்கள் போதுமானவை அல்ல. நன்கு படிக்கும் பையன் ஒருவன் பங்குப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்ததும், இனி எங்கே செல்வது என்னும் வினா அவன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இவ்வினாவுக்கு விடையாகவே புனித அகுஸ்தினார் உயர்நிலைப் பள்ளி எழுந்தது. ஜெர்மனியில் பிறந்து இந்நகரின் பேராயராக அமர்ந்திருந்த யோசேப்பு ரம்மல் அதற்கு வழி வகுத்தார். மறைமாவட்டம் திரட்டிய பொருளைக் கொண்டு ஏழாம் வட்டத்தில் இலண்டன் அவென்யூ என்னும் தெருவில் கட்டடம் எழுப்பப்பட்டது. நடத்தும் பொறுப்பு சூசையப்பர் சபைக் குருமாரிடம் ஒப்படைக்கப்பட்டது. இங்கிலாந்து நாட்டு மில்ஹில் சபையினின்றும் 1871-ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கு வந்து, 1893-ஆம் ஆண்டில் தனிச் சபையாகப் பிரிந்த இக்குருமார், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குப் பணிபுரிவது ஒன்றையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களுள் ஒருவரான மாத்யூ ஓரூர்க் அடிகளார் முதல் தலைமையாசிரியராக அமர்ந்தார். 1951-ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில் வகுப்புகள் தொடங்கின.

பள்ளிக்கு இட்ட பெயரை இங்கே சற்று எண்ணிப் பார்த்தல் தகும். அகுஸ்தினார் 354-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவில், இன்று அல்ஜீரியா எனப்படும் நாட்டில் பிறந்தவர். அந்நிலத்திலேயே ஆயராக இருந்து 430-ஆம் ஆண்டில் மறைந்தவர். மேலைத் திருச்சபையின் பேரறிஞருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். ஆப்பிரிக்கா என்றால் அறியாமை என்று இழித்துரைக்கப்பட்ட ஒரு காலத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சிறுவன் தன் சட்டைப் பையின்மேல் இப்பெயரைத் தாங்கிச் செல்வது பாடநூல் கற்பிக்காத பாடம் ஒன்றைக் கற்பித்திருக்கும். ஊதாவும் பொன்னும் பள்ளியின் நிறங்கள். ஊதா வீரர் என்பது அதன் மாணவர்க்கு வழங்கும் பெயர்.

இப்பள்ளியின் மரபுகளுள் முதலாவது கட்டுப்பாடு. உடை இன்னதென்றும் முடி இவ்வளவென்றும் வரையறுக்கப்பட்டிருந்தது. மணி அடித்த பின்னர் வருதல் குற்றம். ஆசிரியரிடம் மறுமொழி கூறுதல் பெருங்குற்றம். இக்கண்டிப்பைக் கேட்டு நகைப்பவர் அக்காலத் தென்மாநிலங்களின் நிலையை நினைத்துப் பார்த்தல் வேண்டும். வெள்ளையினச் சிறுவன் செய்யும் பிழையை விளையாட்டுத்தனம் என்று கருதும் உலகம், அதே பிழையைக் கறுப்பினச் சிறுவன் செய்தால் அவன் இனத்தின் இயல்பு என்று தூற்றும், காவலரிடமும் ஒப்புவிக்கும். ஆதலால் குறை கூற இடம் கொடாத பிள்ளைகளாகத் தம் மக்கள் வளர வேண்டும் என்று பெற்றோரே விரும்பினர். நியாயமற்ற உலகத்திற்கேற்பப் பிள்ளைகளை இறுக்கிக் கட்டுவது நியாயமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அக்கேள்விக்கு விடை கண்டுவிட்டுப் பிறகு பள்ளி தொடங்குவது என்று அந்தப் பெற்றோர் காத்திருக்க முடியவில்லை.

படிப்பிலும் இக்கண்டிப்பே நிலவியது. நாடெங்கிலுமுள்ள கறுப்பின மாணவர்க்கெனத் தேசிய அளவிலான படிப்புதவித் திட்டம் ஒன்று 1964-ஆம் ஆண்டில் தொடங்கியபோது, அதில் தேர்ச்சி பெற்றோர் வரிசையில் இப்பள்ளி மாணவர் தொடர்ந்து இடம்பெற்றனர். தம் மாநிலத்துப் பெரிய கல்லூரிகள் தயங்கிய காலத்தில், வடமாநிலப் பல்கலைக்கழகங்கள் அவர்களை ஏற்றன.

பள்ளியின் புகழை ஊரறியச் செய்தது வாத்தியக் குழுவே. 1952-ஆம் ஆண்டில் எட்வின் ஹாம்டன் என்னும் இளைஞர் இசையாசிரியராக வந்தார். சவேரியார் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அரை நூற்றாண்டுக் காலம் அவர் அப்பதவியில் இருந்தார். அவர் உருவாக்கிய பேண்டு வாத்தியக் குழுவுக்கு ‘நடை நூற்றுவர்’ என்று பெயர். நூற்றுவர் என்றவுடன் நமக்குப் பாரதக் கதை நினைவுக்கு வரும். இவர்கள் எவருடைய நாட்டையும் பறிக்காத நூற்றுவர். டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட், தோளைச் சுற்றிக்கொண்டு தலைக்குமேல் மலர்ந்து நிற்கும் பெருங்குழல், சிறு முரசு, பெருமுரசு ஆகியவற்றை ஏந்தி, ஊதாவும் பொன்னுமான உடையும் தலைக்கவசமும் அணிந்து, வரிசை பிறழாமல் அவர்கள் நடப்பர்.

தெருவில் நடந்துகொண்டே வாசிப்பது எளிதன்று. உட்கார்ந்து வாசிப்பவனுக்கு மூச்சு ஒன்றே கவலை. நடந்து வாசிப்பவனோ மூச்சையும் காலையும் ஒருங்கே ஆளல் வேண்டும். ஒவ்வொருவனும் ஒரே நீளமாக அடி வைத்தாலன்றி வரிசை நேராகாது. வளைவில் உள்வரிசையார் அடியைக் குறுக்கவும் வெளிவரிசையார் நீட்டவும் வேண்டும். பக்கத்தில் நிற்பவனை முகம் திருப்பிப் பாராமல் கடைக்கண்ணால் அளந்துகொள்ளல் வேண்டும். இடையில் ஒருவன் தடுமாறினால் நூறு பேரும் தடுமாறியதாகவே காண்போர் கருதுவர். இவ்வளவையும் பயின்ற பின்னரே பாட்டு இனிமையாக இருக்கின்றதா என்னும் கேள்வி எழும்.

இக்கலைக்கு நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் உள்ள மதிப்பு வேறெங்கும் இல்லை எனலாம். கிறிஸ்தவர்களின் தவக்காலம் திருநீற்றுப் புதன்கிழமையன்று தொடங்கும். அதற்கு முன்நாளான செவ்வாய்க்கிழமையை ‘மார்டி கிரா’ என்னும் பெருவிழாவாக அந்நகரத்தார் கொண்டாடுவர். வாரக்கணக்கில் ஊர்வலங்கள் நடக்கும். அலங்கார ஊர்திகளில் முகமூடி அணிந்தோர் நின்று மணிமாலைகளையும் காசு போன்ற வில்லைகளையும் கூட்டத்தை நோக்கி வீசுவர். மக்கள் கைநீட்டிப் பிடிப்பர். ஊர்திகளுக்கிடையே வாத்தியக் குழுக்கள் நடக்கும். அவ்வூர்வலங்களுள் தலைசிறந்தது 1872-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ரெக்ஸ்’ ஊர்வலம். ரெக்ஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு மன்னன் என்பது பொருள்.

வெள்ளையர் நடத்திய இத்தகைய ஊர்வலங்களில் கறுப்பின மக்களுக்கும் நெடுங்காலமாக ஓரிடம் இருந்தது. அது தீவட்டி பிடிக்கும் இடம். இரவு ஊர்வலங்களில் ஊர்திகளுக்கு ஒளி காட்டிக்கொண்டு அவர்கள் நடந்தனர். மக்கள் எறியும் காசுகளைப் பொறுக்கிக்கொண்டனர். மன்னன் வரும் தெருவில் மதிப்புடன் நடக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆதலால் கிளெய்போர்ன் அவென்யூவின் ஓக்கு மரநிழலில் தங்கள் விழாவைத் தனியே கொண்டாடி வந்தனர். 1966-ஆம் ஆண்டில் மேம்பாலச் சாலை அமைப்பதற்காக அம்மரங்களும் வெட்டி வீழ்த்தப்பட்டன.

அதற்கு அடுத்த ஆண்டு, 1967 பிப்ரவரி 7-ஆம் நாள், ரெக்ஸ் ஊர்வலத்தில் புனித அகுஸ்தினார் பள்ளியின் நூற்றுவர் நடந்தனர். கறுப்பின மாணவர் பள்ளியின் வாத்தியக் குழுவொன்று அவ்வூர்வலத்தில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. எந்தத் தெருவில் எவர் நடக்கலாம் என்னும் வினா நம் நாட்டுக்கும் புதியதன்று. 1924-ஆம் ஆண்டில் வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே அறப்போர் நிகழ்ந்தது. நியூ ஆர்லியன்ஸ் தெருவிலோ அன்று போர்க்கொடி எதுவும் இல்லை. பதினான்கு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட சிறுவர் பலர் குழலும் முரசும் ஏந்தி வந்தனர், அவ்வளவே. ஊர்தியிலிருந்து கூட்டத்தை நோக்கிப் பரிசுப் பொருள் வீசுவது அவ்விழாவின் வழக்கம் என்று கூறினோம். அன்று கூட்டத்திலிருந்தும் பொருள்கள் பறந்து வந்தன. கல் வந்தது, வசைச்சொல் வந்தது, சிறுநீர் நிரப்பிய கலங்களும் வந்து விழுந்தன. பையன்கள் வரிசை கலையவில்லை. திருப்பி ஒரு சொல் சொல்லவும் இல்லை; வாயில் குழல் இருந்தது. பல கல் தொலைவையும் வாசித்தவாறே நடந்து முடித்தனர்.

அடித்தவனைத் திருப்பி அடிக்கும் வலிமை இல்லாமையால் அவர்கள் பொறுத்தனர் என்று எண்ணுதல் பிழை. இளமையும் உடல் வலிமையும் நிரம்பியவர்கள் அவர்கள். ஆனால் ஒருவன் கையை ஓங்கியிருந்தாலும், மறுநாள் செய்தித்தாளில் கல் எறிந்தவனைப் பற்றிய செய்தி மறைந்து, கை ஓங்கியவனைப் பற்றிய செய்தியே நிற்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பள்ளியில் பல ஆண்டுகளாக அவர்களுக்கு ஊட்டிய கட்டுப்பாடு எதற்காக என்பது அத்தெருவில் விளங்கியது. அதன்பின் இக்குழு அந்நகரத்தின் பெருமைகளுள் ஒன்றாயிற்று. 1987-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல் நியூ ஆர்லியன்சுக்கு வந்தபோது இக்குழு அவர் முன்னிலையில் வாசித்தது.

இசையில் இவ்வாறு தெரு திறந்தது. விளையாட்டுக் களமோ எளிதில் திறக்கவில்லை. இரு இனத்தார் ஒரே போட்டியில் ஆடக் கூடாது என்று 1956-ஆம் ஆண்டில் லூசியானா மாநிலம் சட்டமே இயற்றியது. அச்சட்டம் செல்லாது என்று 1959-ஆம் ஆண்டில் முடிவான பின்னரும் வழக்கம் மாறவில்லை. வெள்ளையர் பள்ளிகள் ஒரு சங்கமாகவும் கறுப்பினப் பள்ளிகள் வேறொரு சங்கமாகவும் ஆடிவந்தன. 1962-ஆம் ஆண்டில் பேராயர் ரம்மல் கத்தோலிக்கப் பள்ளிகள் அனைத்தும் எல்லா இனத்தார்க்கும் திறக்கப்படும் என்று ஆணையிட்டார். அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த மூவரைத் திருச்சபையினின்றும் விலக்கியும் வைத்தார். அவர்களுள் ஒருவர் லியாண்டர் பெரஸ் என்னும் செல்வாக்கு மிக்க அரசியல்வாதி. இவ்வளவுக்குப் பின்னரும், ஒரே மறைமாவட்டத்தைச் சேர்ந்த இரு பள்ளிகளின் பிள்ளைகள் ஒரே களத்தில் பந்தெறிந்து ஆட முடியாத நிலையே நீடித்தது.

1965-ஆம் ஆண்டில் ஒரு வியப்பான செயல் நிகழ்ந்தது. புனித அகுஸ்தினார் பள்ளியின் கூடைப்பந்துக் குழுவும் இயேசு சபையார் பள்ளியின் குழுவும் அவ்வாண்டில் தத்தம் சங்கத்தில் தலைசிறந்து விளங்கின. இவ்விரண்டில் எது சிறந்தது என்று அறியும் ஆவல் பையன்களுக்கு இருந்தது. ஆகவே இயேசு சபையார் பள்ளியின் ஆட்டக் கூடத்தில், பொதுமக்களை விடாமல், கதவை அடைத்துக்கொண்டு ஆடினர். எந்தச் சங்கத்தின் கணக்கிலும் அவ்வாட்டம் சேராது. புனித அகுஸ்தினார் பள்ளியின் பழைய மாணவரான ஹெரால்ட் சில்வெஸ்டர் பிற்காலத்தில் இந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டு திரைக்கதை எழுத, 1999-ஆம் ஆண்டில் அது திரைப்படமாகவும் வெளிவந்தது. கதவை அடைத்துக்கொண்டுதான் நட்பாக ஆட முடிந்தது என்பதை எண்ணும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

பின்னர்ப் பள்ளி நேர்வழியிலேயே முயன்றது. வெள்ளையர் பள்ளிகள் அடங்கிய மாநில உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தில் தன்னைச் சேர்த்துக்கொள்ளுமாறு விண்ணப்பித்தது. அதுவரையில் புதிய பள்ளிகளைச் சேர்க்கும் பொறுப்பு அச்சங்கத்தின் செயற்குழுவிடம் இருந்தது. இவ்விண்ணப்பம் வந்த பின்னர் விதி மாற்றப்பட்டது. உறுப்புப் பள்ளிகள் அனைத்தும் வாக்களித்துத் தீர்மானிக்கும் என்று ஆயிற்று. வாக்கெடுப்பில் விண்ணப்பம் தள்ளப்பட்டது. பள்ளி நீதிமன்றத்தை அடைந்தது.

சங்கத்தார் கூறிய எதிர்வாதம் கூர்மையானது. ‘எங்களுடையது தனியார் சங்கம். எவரைச் சேர்ப்பது, எவரைச் சேர்க்காமல் விடுவது என்பது எங்கள் விருப்பம்’ என்பது அதன் சாரம். 1868-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பதினான்காம் திருத்தம், எந்த மாநில அரசும் எவர்க்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுத்தல் ஆகாது என்கிறது. அது அரசைக் கட்டுப்படுத்துமேயன்றித் தனியாரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே அச்சங்கம் அரசைச் சார்ந்ததா, அன்றா என்பதே வழக்கின் உயிர்நிலை. நீதிபதி பிரெடரிக் ஹீபி சங்கத்தின் அமைப்பை ஆராய்ந்தார். அதன் உறுப்புகளில் மிகப் பெரும்பாலானவை அரசுப் பள்ளிகள். அதை நடத்துவோர் அப்பள்ளிகளின் தலைமையாசிரியர்கள். அதன் வருவாய் பெரிதும் அப்பள்ளிகளின் ஆட்டங்களிலிருந்து வருவது. பெயர் தனியாராக இருப்பினும் செயல் அரசின் செயலே என்று 1967-ஆம் ஆண்டில் அவர் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1968-ஆம் ஆண்டில் அதை உறுதி செய்தது. பள்ளி சங்கத்தில் சேர்ந்தது. 1970-ஆம் ஆண்டில் இரு சங்கங்களும் ஒன்றாயின.

அமெரிக்கக் காற்பந்து என்பது பெயரளவில் காற்பந்தே ஒழியப் பெரும்பாலும் கையாலேயே ஆடப்படுவது. அவ்விளையாட்டில் 1975, 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் மாநில முதலிடத்தை ஊதா வீரர் வென்றனர். தொழில்முறை ஆட்டத்தில் பிற்காலத்தில் புகழ்பெற்ற டைரன் மாத்தியூவும் லெனார்ட் போர்னெட்டும் இங்குப் பயின்றவர்களே. 1986 முதல் 1994 வரை நியூ ஆர்லியன்ஸ் நகரின் மேயராக இருந்த சிட்னி பார்தெலமி இப்பள்ளியின் பழைய மாணவர். 2022-ஆம் ஆண்டில் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்ற ஜான் பாடிஸ்ட் இங்கும் அந்நகரக் கலைப்பள்ளியிலும் பயின்றவர். பள்ளி நிற்கும் தெரு இப்பொழுது இலண்டன் அவென்யூ அன்று. அந்நகரத்துப் பள்ளிகளில் இன ஒதுக்கலை எதிர்த்து 1952-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்து நெடுங்காலம் போராடிய கறுப்பின வழக்கறிஞர் ஏ. பி. டூரோவின் பெயரை அது தாங்கியுள்ளது.

எல்லாப் பள்ளிகளும் எல்லார்க்கும் திறந்துவிட்டபின், தனியே இப்படியொரு பள்ளி எதற்கு என்று கேட்டவரும் உண்டு. சட்டம் திறந்துவிட்ட கதவுகளுக்குள் நன்கு படிக்கும் மாணவர் சிலர் சென்றனர். ஆயினும் பல குடும்பங்கள் தந்தை பயின்ற பள்ளிக்கே மகனையும் அனுப்பின. ஒதுக்கலால் பிறந்த பள்ளியை ஒதுக்கலோடு சேர்த்தே மூடிவிட அவர்கள் விரும்பவில்லை.

2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் காத்ரீனா என்னும் பெரும்புயல் தாக்கியது. கரைகள் உடைந்து நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. பள்ளியும் மூழ்கியது. மாணவர் பல மாநிலங்களுக்குச் சிதறினர். மரியன்னைப் பள்ளி, அகுஸ்தினார் பள்ளி, சவேரியார் பள்ளி ஆகிய மூன்றும் 2006-ஆம் ஆண்டு ஜனவரியில் சவேரியார் பள்ளிக் கட்டடத்தில் ஒரே பள்ளியாகச் சேர்ந்து நடந்தன. மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ‘மாக்ஸ்’ என்று அதற்குப் பெயரிட்டனர். அவ்வாண்டு மார்டி கிரா விழாவில், ஆண்களும் பெண்களும் கலந்த மாக்ஸ் பள்ளி வாத்தியக் குழு, பாதி காலியாகக் கிடந்த நகரின் தெருக்களில் நடந்தது. அவ்வாண்டின் இலையுதிர் பருவத்தில் புனித அகுஸ்தினார் பள்ளி தன் பழைய இடத்தில் மீண்டும் திறந்தது.

இனி ஒரு மரபைப் பற்றிக் கூறாமல் விட்டால் இவ்வரலாறு முழுமை பெறாது. பள்ளி தொடங்கிய நாள் முதல் அங்கே அடிக்கும் வழக்கம் இருந்தது. படகுத் துடுப்பைப் போன்ற மரமட்டையால் பின்புறத்தில் அடிப்பர். தாமதத்திற்கு அடி, உடை ஒழுங்கின்மைக்கு அடி. பிற கத்தோலிக்கப் பள்ளிகள் இவ்வழக்கத்தைக் கைவிட்ட பின்னரும் இங்கு அது அறுபது ஆண்டுகள் நீடித்தது. பேராயர் கிரெகரி எய்மண்ட் அதை நிறுத்துமாறு கூறினார். சூசையப்பர் சபைத் தலைமையும் அவ்வாறே முடிவு செய்தது. அப்பொழுது நிகழ்ந்தது பலரும் எதிர்பாராதது. அடி வேண்டும் என்று பெற்றோரும் பழைய மாணவரும், அடிபடும் மாணவருமேகூட 2011-ஆம் ஆண்டில் ஊர்வலமாகச் சென்றனர்.

அவர்கள் கூற்று இது: ‘எங்கள் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று வெளியார் முடிவு செய்யும் காலம் போய்விட்டது. இந்தக் கட்டுப்பாடுதான் எங்களை ஆளாக்கியது.’ ரெக்ஸ் ஊர்வலத்தில் கல்லடி பட்டும் வரிசை கலையாத தலைமுறையின் சொல் என்பதால் அதை எளிதில் தள்ள இயலாது. ‘அடியாத மாடு படியாது’ என்னும் நம் பழமொழியை அவர்கள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பர். எனினும் மறுபக்கத்தார் கேட்டதிலும் நியாயம் உண்டு. சாட்டையும் முதுகும் கொண்ட அடிமை வரலாற்றை உடைய ஒரு மக்களின் பிள்ளைகளை, அவர்கள் நன்மைக்கென்றேனும் அடித்தல் தகுமா? வரிசை கலையாமல் நடக்கக் கற்றது மட்டையாலா, ஆண்டுக்கணக்கான பயிற்சியாலா? இரண்டாவதே என்பது என் கருத்து. அகுஸ்தினாரே தம் வாழ்க்கையைத் தாம் எழுதிய நூலில், சிறு வயதில் பள்ளியில் அடிபட்டதையும், அடிபடாதிருக்கத் தாம் இறைவனை வேண்டியதையும், தம் துன்பத்தைக் கண்டு பெரியவர்கள் நகைத்ததையும் மனவருத்தத்தோடு குறித்துள்ளார். தம் பெயர் தாங்கிய பள்ளியின் வழக்கில் அவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதை அந்நூலைப் படித்தோர் ஒருவாறு உய்த்துணரலாம்.

2010-ஆம் ஆண்டில் தொடங்கிய கல்வியாண்டு மட்டை இல்லாமல் நடந்த முதல் ஆண்டு ஆயிற்று. ஊர்வலத்திற்குப் பின்னும் அது திரும்பவில்லை. நேரம் தவறாமையும், ஊதாவும் பொன்னுமான உடையும், நூற்றுவரின் நடையும் தொடர்ந்தன.